வீ யூ-வில் இரண்டாவது கேம்பேட்: வாங்குவதற்கு முன் படியுங்கள்

நின்டெண்டோ நிறுவனத்தின் வீ யூ விளையாட்டுக் கன்சோலுடன் வரும், தொடுதிரை கொண்ட கைக்கருவிதான் கேம்பேட். அக்கா மகனும் நானும் ஆளுக்கொரு தொடுதிரையுடன் ஆடலாம் என்று நினைத்து, யாரோ பயன்படுத்திய கேம்பேட் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். அது கன்சோலுடன் இணைந்த மறுநொடியே முதல் கேம்பேடின் தொடர்பு அறுந்தது.

காரணம் இதுதான்: கன்சோல் 854 × 480 அளவிலான படத்தைச் சுருக்கி, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 60 முறை கேம்பேடுக்கு அனுப்புகிறது. இரண்டு கேம்பேடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 30 தான் கிடைக்கும் என்று நின்டெண்டோ 2012 ஜூனிலேயே அறிவித்திருந்தது. ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்திய விளையாட்டு ஒன்றுகூட வெளிவரவில்லை. எனவே ஒரே கேம்பேடை இணைத்து, மற்றவர்களுக்கு வேறு கன்ட்ரோலர்களைச் சேர்க்கும் வழி இதோ.

முதல் படி: எந்தக் கேம்பேடை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, அதை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள்.

இரண்டாம் படி: கன்சோலின் சிங்க் (இணைப்பு) பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மற்றக் கன்ட்ரோலர்களுக்கான திரைதான் வரும். நான் அங்கேயே அரைமணி நேரம் தடுமாறினேன். மறுபடியும் அழுத்தினால்தான் இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் குறிகளில் நான்கு வரிசையாகத் தொலைக்காட்சியில் தோன்றும். இப்போது கேம்பேடின் பின்புறம் குழிக்குள் இருக்கும் சிங்க் பொத்தானை அதன் எழுத்தாணியால் அழுத்தி, அதே குறிகளை அதே வரிசையில் கேம்பேடின் திரையில் தொடுங்கள். வரிசை மாறினால் இணையாது.

மூன்றாம் படி: மற்றவர்களுக்குத் தொடுதிரை இல்லாத கன்ட்ரோலர்களான புரோ கன்ட்ரோலரையோ வீ ரிமோட்டையோ இணைத்துக்கொள்ளுங்கள், இதற்குக் கன்சோலில் ஒருமுறை அழுத்தினால் போதும். நின்டெண்டோ லேண்ட் என்ற விளையாட்டில் ஒரு கேம்பேடுடன் நான்கு வீ ரிமோட் பிளஸ்கள் சேர, ஐந்து பேர் வரை ஆடலாம். என்னைக் கேட்டால், இரண்டாவது கேம்பேடுக்குச் செலவழிக்கும் பணத்தில் புரோ கன்ட்ரோலர் வாங்குவதே மேல். தொடுதிரை இல்லாவிட்டாலும் ஒருமுறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 80 மணி நேரம் தாங்கும், கேம்பேடோ 3 முதல் 5 மணி நேரத்திலேயே களைத்துவிடும்.

பின்சேர்க்கை: ஒரே கேம்பேடை இருவர் தொட்டு ஆடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதன் திரை கைபேசியின் திரையைப் போன்றதன்று. அழுத்தத்தை உணரும் வகையைச் சேர்ந்தது, ஒரு நேரத்தில் ஒரு தொடுகையை மட்டுமே அறியும். நானும் மருமகனும் இரு ஓரங்களிலும் ஒருசேர விரல் வைத்தபோது, தொட்ட இடம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகத் திரை எடுத்துக்கொண்டது. முறை வைத்துத் தொடுங்கள்.