புது பெயிண்ட் வரிசையைப் பிடித்த பொம்மையில் பூசுமுன்: மினியேச்சர் பெயிண்ட் சோதனை, படிப்படியாக

மூடியின் நிறத்தைப் பார்த்து எந்தப் பெயிண்டையும் எடைபோட முடியாது. ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் பழுப்பு ஒரே பூச்சில் அடியை மறைத்துவிடும், மஞ்சளோ நான்கு பூச்சு கேட்கும். நிறம் பிடித்து வாங்குகிறோம், ஆனால் வேலை செய்யும்போது நம்மைப் படுத்துவது நிறமல்ல. எவ்வளவு மறைக்கிறது, எவ்வளவு தண்ணீர் தாங்குகிறது, காய்ந்தபின் விரலுக்கு உரியாமல் நிற்கிறதா, இவைதான். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலையும், மறுநாள் கால் மணி நேரமும் போதும்.

கீழே உள்ளதெல்லாம் மினியேச்சர் எனப்படும் சிறு உருவப் பொம்மைகளுக்குப் பூசும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டுகளுக்கு. எனாமல், லாக்கர் வகைகளுக்குக் கரைப்பானும் வேறு, அளவுகளும் வேறு.

எந்த நிறங்களை வாங்குவது

முழு செட் வேண்டாம். ஆறு பாட்டில் போதும்: வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நடுத்தர நீலம், பழுப்பு, ஓர் உலோக நிறம். உண்மையான பரீட்சை முதல் மூன்றுக்குத்தான். பழுப்பு பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமி, இயல்பிலேயே ஒளி புகாதது. எந்த வரிசையிலும் பாஸாகிவிடும். நடுத்தர நீலத்தில் வெள்ளை கலந்திருப்பதால் அதுவும் தப்பித்துவிடும். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் கரிம நிறமிகள். அவற்றை ஒரு கம்பெனி எப்படிச் சமாளித்திருக்கிறது என்பதில்தான் அந்த வரிசையின் தரம் தெரியும். வெள்ளையின் சிக்கல் வேறு மாதிரி: டைட்டானியம் டை ஆக்சைடு கனமான தூள், அரைப்பு சரியில்லை என்றால் சுண்ணாம்பு அடித்தது போலத் திரிதிரியாகக் காயும்.

கையில் இருக்க வேண்டியவை

15க்கு 10 செ.மீ. அளவில் தடிமனான வெள்ளை அட்டை ஒன்று. கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட். நுனி கூரான 1 அல்லது 2ஆம் நம்பர் பிரஷ், கலக்குவதற்கு ஒரு பழைய பிரஷ். தண்ணீருக்கு இரண்டு டம்ளர், சொட்டு விட ஒரு டிராப்பர், டிஷ்யூ, சாம்பல் நிற ப்ரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு), ஐந்தாறு பிளாஸ்டிக் ஸ்பூன், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பொம்மை.

வெட் பேலட், அதாவது பெயிண்டைக் காயாமல் ஈரமாக வைத்திருக்கும் கலவைத் தட்டு, இருந்தால் நல்லது. இல்லையென்றால் தட்டையான டப்பாவில் நனைத்த மெல்லிய ஸ்பாஞ்சைப் பரப்பி, மேலே பேக்கிங் பேப்பரைப் போட்டால் அதுவே வெட் பேலட். மெழுகுத் தாள் உதவாது, அதில் ஈரம் மேலே ஏறாது. ஸ்பாஞ்ச் நனைந்திருக்க வேண்டுமே தவிர மிதக்கக் கூடாது. தாளின் மேல் தண்ணீர் தேங்கினால் உங்கள் கலவை அளவெல்லாம் பொய்யாகிவிடும்.

படி 1: குலுக்குங்கள், இன்னும் குலுக்குங்கள்

கடையில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலில் நிறமி அடியில் படிந்திருக்கும், பசைத் திரவம் மேலே நிற்கும். பளபளப்பைக் குறைக்கச் சேர்க்கும் தூளும் அடியில்தான் போய் உட்காரும். சரியாகக் குலுக்காத மேட் பெயிண்ட் காய்ந்ததும் திட்டுத்திட்டாகப் பளபளக்க இதுதான் காரணம். பழி பெயிண்ட் மேல் விழும்.

முதல் தடவை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். 5 அல்லது 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டு ஒன்றை உள்ளே போட்டால் வேலை பாதியாகும். சாதாரண இரும்புக் குண்டு துருப்பிடித்து நிறத்தைக் கெடுக்கும். பிறகு ஒரு சொட்டை டிஷ்யூவில் விட்டுப் பாருங்கள். நிறத்தைச் சுற்றி நிறமற்ற ஈர வளையம் அகலமாகப் பரவினால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். மூடி திறக்கும் டப்பா வகை என்றால் பல்குத்தும் குச்சியால் அடியைத் துழாவுங்கள், களி மாதிரி ஏதாவது குச்சியில் ஒட்டி வந்தால் மறுபடி கலக்க வேண்டும்.

படி 2: மூன்று கறுப்புக் கோட்டு அட்டை

இந்தச் சோதனைக்காக நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இது ஒன்றை மட்டும் செய்தாலும் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அட்டையைக் குறுக்குவாட்டில் வையுங்கள். இடது விளிம்பிலிருந்து 3, 7, 11 செ.மீ. தூரத்தில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றும் 1 செ.மீ. அகலத்தில் மூன்று கறுப்புக் கோடுகளை அக்ரிலிக்கால் இரண்டு பூச்சு போட்டு, ஒரு மணி நேரம் காய விடுங்கள். சோம்பல்பட்டு மார்க்கரால் கோடு போடாதீர்கள். மார்க்கர் மை மேலே பூசும் பெயிண்டுக்குள் ஊறி வரும், அப்புறம் எது மறைத்தது எது மறைக்கவில்லை என்றே தெரியாது.

இப்போது ஒவ்வொரு நிறத்தையும் தண்ணீர் கலக்காமல், 1 செ.மீ. அகலப் பட்டையாக மூன்று கோடுகளையும் கடந்து இடமிருந்து வலமாக இழுங்கள். இடது ஓரத்தில் பெயர் எழுத இரண்டு செ.மீ. விட்டுவிடுங்கள். 15 நிமிடம் காய்ந்ததும் இரண்டாம் பூச்சை 5.5 செ.மீ. புள்ளியிலிருந்து வலது முனைவரை மட்டும் கொடுங்கள். அது காய்ந்ததும் மூன்றாம் பூச்சை 9.5 செ.மீ. புள்ளியிலிருந்து. ஆக, முதல் கோட்டின் மேல் ஒரு பூச்சு, இரண்டாவதன் மேல் இரண்டு, மூன்றாவதன் மேல் மூன்று.

காய்ந்த பிறகு கோட்டின் விளிம்பைப் பாருங்கள். முதல் கோட்டிலேயே விளிம்பு மறைந்தால் அருமையான அடிநிறம். இரண்டாவதில் மறைந்தால் நன்று. தண்ணீர் கலந்து பூசும்போது இன்னொரு பூச்சு கூடும், அவ்வளவுதான். மூன்றாவதிலும் கறுப்பு எட்டிப் பார்த்தால் அந்த நிறத்துக்கு அடியில் வேறு நிறம் கொடுக்க வேண்டும். மஞ்சளுக்கு இளம் பழுப்போ வெளிர் இளஞ்சிவப்போ நன்றாக வேலை செய்யும்.

மஞ்சள் பட்டை முதல் கோட்டைக் கடக்கும் இடத்தில் பாசி நிறமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெயிண்ட் கெட்டுப்போகவில்லை, மெல்லிய மஞ்சளுக்கு அடியில் கறுப்பு இருந்தால் கண்ணுக்குப் பச்சைதான் படும். கறுப்பு ப்ரைமர் அடித்த பொம்மையில் மஞ்சள் ஏன் அழுக்காகத் தெரிகிறது என்ற கேள்விக்கும் பதில் இதே.

ஈரத்தில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அக்ரிலிக் பசை ஈரமாக இருக்கும்போது பால் போல வெளுத்திருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால் நிறம் ஒரு படி அடர்ந்து இறங்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், இல்லையென்றால் 5000 முதல் 6500 கெல்வின் விளக்கில்.

படி 3: எவ்வளவு தண்ணீர் தாங்கும்?

பிளாஸ்டிக் ஸ்பூன்களின் பின்புறத்தில் ப்ரைமர் அடித்துக் காய வையுங்கள். அட்டை தண்ணீரை உறிஞ்சும், ஸ்பூன் உறிஞ்சாது. வளைவும் இருப்பதால் பொம்மைக்குக் கிட்டத்தட்ட இணை.

பேலட்டில் ஒரே நிறத்தை நான்கு விதமாகக் கலக்குங்கள்: பெயிண்ட் 2 சொட்டுக்குத் தண்ணீர் 1, பிறகு 1க்கு 1, 1க்கு 2, 1க்கு 4. பாட்டில் மூக்கும் உங்கள் டிராப்பரும் ஒரே அளவு சொட்டு விடாது. ஆகவே இந்த விகிதங்கள் உங்கள் டிராப்பருக்கு மட்டுமே உரியவை, அடுத்தவர் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

பிரஷை நனைத்ததும் ஒரு தடவை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுப் பூசுங்கள். “பெயிண்ட் ஓடுகிறது” என்று புதியவர்கள் சொல்வதில் பெரும்பாலானவை தண்ணீர் கூடியதால் அல்ல, ஒற்றாததால்.

கெட்டியாக இருந்தால் பிரஷ் மயிரின் கோடுகள் காய்ந்த பிறகும் நிற்கும். நீர்த்துப்போனால் வளைவின் உச்சியிலிருந்து பெயிண்ட் நழுவி, ஓரத்தில் அடர்ந்த வளையமாகத் தேங்கும். இரண்டுக்கும் நடுவே, பால் போல ஓடி, தானாகவே சமமாகப் படியும் ஒரு விகிதம் இருக்கும். பல வரிசைகளில் அது 1க்கு 1 பக்கத்தில் வரும். 1க்கு 4 தாண்டி மெல்லியதாக வேண்டுமானால் தண்ணீருக்குப் பதில் அக்ரிலிக் மீடியம் (நிறமி இல்லாத பசைத் திரவம்) சேருங்கள். தண்ணீர் அதிகமானால் நிறமியைப் பிடித்துக்கொள்ளும் பசை போதாமல், காய்ந்தபின் தூளாக உதிரும்.

படி 4: பொம்மை

பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய்ப் பசை ரெசின் பொம்மைகளில் ஒட்டியிருக்கும், அதன் மேல் எதுவும் நிற்காது. ஸ்ப்ரே ப்ரைமரை 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்துச் சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். ஈரப்பதம் அதிகமான நாளிலோ ரொம்பத் தள்ளிப் பிடித்தோ அடித்தால் மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அந்தப் பொம்மையில் செய்யும் சோதனை செல்லாது.

துணி மடிப்பு, தட்டையான கேடயம், முகம், மயிர் அல்லது சங்கிலிக் கவசம் என எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் பொம்மையாகப் பார்த்து எடுங்கள். ஸ்பூனில் கிடைத்த விகிதத்தில் இரண்டு பூச்சு, இடையில் 15 நிமிடம். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷை வைத்தால் பெயிண்ட் தோல் உரிவது போலக் கிழிந்து வரும். அப்படி ஆனால் தொடாமல் விட்டு, முழுக்கக் காய்ந்தபின் அதன் மேல் பூசுங்கள்.

குறை முதலில் தெரிவது கேடயத்தில். மடிப்பிலும் மயிரிலும் எந்தப் பெயிண்டும் அழகாகத் தெரியும். ஹைலைட்டுக்கு (வெளிச்சம் படும் விளிம்பை வெளிறக் காட்ட) அதே வரிசையின் வெள்ளையை 3 பங்கு நிறத்துக்கு 1 பங்கு, பிறகு பாதிக்குப் பாதி கலந்து மடிப்பு விளிம்பில் இழுத்துப் பாருங்கள். கோடு வெண்ணெயாக வழுக்கிப் போகிறதா, விட்டுவிட்டுத் திரிகிறதா என்பதில் அந்த வெள்ளையின் லட்சணம் தெரிந்துவிடும். சிவப்பில் வெள்ளை கலந்தால் இளஞ்சிவப்புக்குத் தாவும், அது பெயிண்டின் குற்றமில்லை. ஆரஞ்சோ தோல் நிறமோ கலந்து பாருங்கள்.

ஒரே பூச்சு வகை வாங்கியிருந்தால்

2019இல் சிட்டாடல் என்ற பெயிண்ட் பிராண்டின் கான்ட்ராஸ்ட் வரிசை வந்தபின் இந்த வகை பரவலாகி, இன்று பல கம்பெனிகளும் விற்கின்றன. ஒளி ஊடுருவும் பெயிண்ட், பள்ளத்தில் தேங்கி நிழலாகவும் மேட்டில் மெலிந்து வெளிச்சமாகவும் காயும். இதற்கு மேலே சொன்ன அட்டையும் தண்ணீர்க் கணக்கும் பொருந்தாது.

வெள்ளை அல்லது எலும்பு நிற ப்ரைமர் மேல், தண்ணீர் சேர்க்காமல், தாராளமாகப் பூசுங்கள். மெல்லியதாக வேண்டுமானால் அதற்கென்று விற்கும் மீடியம்தான். தண்ணீர் விட்டால் கறை வளையம் வரும். ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பூசி ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வந்து சரிசெய்யப் போனால் திட்டு விழும், அதன்பின் திருத்துவது கடினம். முழங்கைக்கு அடியிலோ அங்கியின் கீழ் விளிம்பிலோ சொட்டாகத் தொங்கினால், சுத்தமான ஈர பிரஷின் நுனியால் அந்தச் சொட்டை மட்டும் உறிஞ்சி எடுங்கள். தட்டையான கேடயத்திலும் வாகனங்களிலும் இந்த வகை மேகம் மேகமாகத்தான் காயும். அங்கே சாதாரணப் பெயிண்டே மேல்.

உலோக நிறம்

தனி டம்ளர், தனி பிரஷ். மின்னும் செதில்கள் தண்ணீரில் மிதந்து அடுத்த நிறத்துக்குள் போய்விடும். அடியில் கறுப்பு, அதிகம் நீர்க்காமல் இரண்டு பூச்சு. நீர்த்தால் செதில்கள் பிரிந்து ஜிகினா தூவியது போல இருக்கும்.

மறுநாள்

24 மணி நேரம் விட்டுவிட்டு மூன்று காரியம் செய்யுங்கள்.

ஸ்பூனை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பெயிண்ட் மட்டும் உரிந்து ப்ரைமர் தெரிந்தால் பெயிண்டின் பிடிப்பு போதாது அல்லது தண்ணீர் கூடிவிட்டது. ப்ரைமரோடு சேர்ந்து பிளாஸ்டிக் தெரிந்தால் பெயிண்டைக் குறை சொல்லாதீர்கள், ப்ரைமரையும் கழுவலையும் பாருங்கள்.

காய்ந்த பகுதியில் ஈர பிரஷால் ஐந்து தடவை தேய்த்து, வெள்ளை டிஷ்யூவில் ஒற்றுங்கள். நிறம் ஒட்டினால் அந்தப் பெயிண்ட் காய்ந்தபின்னும் கரைகிறது. ஒரே பூச்சு வகைகள் சிலவற்றில் இது உண்டு. அதன் மேல் நேராக வெள்ளை ஹைலைட் இழுத்தால் வெள்ளை அழுக்காகும். நடுவில் ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம்.

அட்டையில் ஒவ்வொரு பட்டையின் மேல் பாதியிலும் மேட் வார்னிஷ் பூசிக் காய விடுங்கள். சில நிறங்கள் அடரும், உலோக நிறம் மங்கும். இதை அட்டையில் பார்ப்பதற்கும் முடித்த பொம்மையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு!

ஏற்கெனவே வேறு வரிசை வைத்திருப்பவர்கள், புதியதில் ஒரு சொட்டும் பழையதில் ஒரு சொட்டும் கலந்து பத்து நிமிடம் விடுங்கள். திரிந்த பால் போலக் கட்டி கட்டினால் அவ்விரண்டையும் சேர்க்காதீர்கள், ஒன்று காய்ந்தபின் மேலே மற்றது பூசுவதில் தடையில்லை.

அட்டையின் பின்புறம் ப்ரைமர் நிறம், சரிவந்த விகிதம், எத்தனை பூச்சு, தேதி எல்லாம் எழுதி வையுங்கள். மீதி நிறங்களை அதைப் பார்த்து வாங்குங்கள். வரிசை முழுக்க ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை, பழுப்பும் நீலமும் இங்கே, மஞ்சளும் வெள்ளையும் வேறிடத்தில் என்று கலந்து வைத்துக்கொள்ளலாம்.