பந்து போன அடுத்த மூன்று நொடி: ஹாக்கி அணியைத் திரும்பக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய மண் மைதானத்தில் சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுக்கிறேன். பதினொரு வருஷம் சென்னை லீக்கில் ரைட் ஹாஃப் ஆடியவன் நான். போன மாதம் தண்ணீர் குடிக்க வந்த ஒரு பையன் என்னிடம் ஒன்று கேட்டான். பதிமூன்று வயது, ஸ்டிக் பிடியில் பழைய சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றி வைத்திருப்பான். "அண்ணா, டிராகன்ஸ் எப்டி ஆடுவாங்க?"

ஜெயிப்பாங்களா என்று அவன் கேட்கவில்லை. எப்படி ஆடுவாங்க என்று கேட்டான்.

ஹாக்கி இந்தியா லீக்கில் ஆடும் நம் ஊர் அணி தமிழ்நாடு டிராகன்ஸ், 2024 அக்டோபர் ஏலத்தில் யாரை எவ்வளவுக்கு எடுத்தது என்று எனக்குத் தெரியும். பெனால்டி கார்னர் அடிப்பதில் பேர்போன நெதர்லாந்தின் யிப் யான்சன் 54 லட்சம், இந்தியத் தடுப்பாளர் அமித் ரோஹிதாஸ் 48 லட்சம். ஜெர்சி நிறம் தெரியும். ஆனால் அந்த அணியின் ஆட்டம் இதுதான் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து இதே யோசனை. ஒரு தொழில்முறை ஹாக்கி அணி தன்னைக் கலைத்துத் திரும்பக் கட்டும்போது, அதன் அடையாளம் என்று எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? எங்கே எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள்?

பெயரை அடையாளம் என்று நம்புவது

எங்கள் ஊர் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது சென்னை வீரன்ஸ் வந்தது. 2012இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி நடந்தபோது அது சென்னை சீட்டாஸ். 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் நம் பக்கத்து அணியே கிடையாது. அந்த லீக் ஏழு வருஷம் தூங்கி எழுந்தபோது டிராகன்ஸ். இருபது வருஷத்துக்குள் மூன்று பெயர், மூன்று சின்னம். வீரன்ஸ் தொப்பி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. அதை என் மகனிடம் காட்டினால் இது எந்த ஊர் டீம் என்று கேட்கிறான்.

பெயர் மாறியது பெரிய இழப்பில்லை. ஒவ்வொரு முறையும் ஆட்டமும் சேர்ந்து பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியதுதான் இழப்பு. வீரன்ஸ் ஆடிய முறையில் ஒரு துளிகூட சீட்டாஸுக்குப் போய்ச் சேரவில்லை, அங்கிருந்து டிராகன்ஸுக்கும் எதுவும் வரவில்லை. லீக் நின்றால் எல்லாம் நின்றது. ராஞ்சியைப் பாருங்கள். 2013இல் முதல் கோப்பையையே தூக்கிய ராஞ்சி ரைனோஸ் சில வருஷத்தில் இல்லாமல் போனது. 2015இல் கோப்பை அதே ஊருக்கு வந்தபோது வென்றது ராஞ்சி ரேஸ் என்ற வேறொரு அணி.

பனி ஹாக்கியில் இதற்கு நேர் எதிரான ஒரு நடப்பு உண்டு. அமெரிக்காவின் அரிசோனா அணியின் வீரர்கள் 2024இல் யூட்டா மாநிலத்துக்குப் போனார்கள். முதல் சீசன் முழுக்க அந்த அணிக்குத் தனிப் பெயரே இல்லை. வெறும் 'யூட்டா ஹாக்கி கிளப்', ஜெர்சியில் மாநிலப் பெயர் மட்டும். ரசிகர்களிடம் ஓட்டு வாங்கி 2025இல்தான் 'மாமத்' என்று வைத்தார்கள். பெயர் காத்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மறுபக்கம், டிராகன்ஸ் தன் முதல் சீசனில் தமிழ்நாட்டு மண்ணில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. எல்லாம் ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும். 2026 ஜனவரியில்தான் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்கு ஆட்டங்கள் வந்தன. முதல் நாளிலேயே பெயர் இருந்தது, ஊர் பிறகுதான் வந்தது. அது அணியின் குற்றமில்லை, லீக்கின் ஏற்பாடு அப்படி. ஆனால் அணியைத் திட்டமிடுகிறவர்கள் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஷார்ட் கார்னர் ஆளை வாங்கிவிட்டு அதையே பாணி என்பது

இந்தத் தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிறையப் பணம் போவது இதில்தான்.

பெனால்டி கார்னரை எங்கள் தலைமுறை ஷார்ட் கார்னர் என்றே சொல்லும். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கோட்டில் ஒருவர் நின்று பந்தைத் தள்ளுவார். கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்தான் 'டி'; அதற்கு வெளியே ஒருவர் பந்தை நிறுத்துவார். மூன்றாமவர் ஸ்டிக்கால் பந்தைத் தரையோடு இழுத்துச் சுழற்றி எறிவார், அதுதான் டிராக் ஃபிளிக். முதல் ஷாட் ஓங்கி அடிக்கும் 'ஹிட்' என்றால் கோல் பலகையின் உயரத்துக்கு மேல், அதாவது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் வலையின் மேல் மூலைக்கே அனுப்பலாம். தடுக்க கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான். யான்சன் மாதிரி ஒருவர் கையில் பந்து வந்தால் அந்த ஐந்து பேரின் வயிறு கலங்குவது நியாயம்.

ஆனால் அவருக்கு அந்தப் பந்தை யார் வாங்கித் தருவது? ஷார்ட் கார்னர் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் பேஸ்லைன் (கோல் இருக்கும் பக்கத்து எல்லைக்கோடு) ஓரமாக 'டி'க்குள் நுழைய வேண்டும். தடுப்பாளரின் காலைத் தேடிப் பந்தைத் தள்ள வேண்டும். அல்லது அவர் பதறித் தப்பு செய்யும் அளவுக்கு நெருக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் அப்படி இருபது தடவை நுழையத் தெரிந்த அணிக்கு ஃபிளிக்கர் வரம். இரண்டு தடவை மட்டும் நுழைகிற அணிக்கு அவர் விலையுயர்ந்த பார்வையாளர்.

2016 சீசனில் ஹாக்கி இந்தியா லீக் ஒரு விதி கொண்டுவந்தது: களத்தில் ஓடி ஆடிப் போடும் கோலுக்கு இரண்டு, ஷார்ட் கார்னர் கோலுக்கு ஒன்று. அந்த விதி நல்லதா கெட்டதா என்று எங்கள் மைதானத்தில் பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. நீ எப்படி உள்ளே நுழைகிறாய் என்று ஒவ்வொரு அணியையும் அது கேட்டது. விதி இல்லாவிட்டாலும், திரும்பக் கட்டப்படும் அணி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

தோற்றவர்களை எல்லாம் வெளியே அனுப்புவது

ஒரு மோசமான சீசன் முடிந்ததும் "பழைய ஆளுங்க எல்லாரையும் தூக்குங்க" என்ற குரல் வரும். டீக்கடையிலும் வரும், நிர்வாக அறையிலும் வரும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம். அந்த அணியில் ஸ்ரீஜேஷ் இருந்தார், மன்பிரீத் சிங் இருந்தார். 2021இல் டோக்கியோவில் 41 வருஷம் கழித்து ஒலிம்பிக் பதக்கம் வந்தபோது மன்பிரீத் கேப்டன், கோலில் ஸ்ரீஜேஷ். கடைசி இடம் எப்படி வலிக்கும் என்று உடம்பால் தெரிந்தவர்கள் அவர்கள். இளம் பையன்களுக்கு அதை வகுப்பெடுத்துப் புரியவைக்க முடியாது.

எல்லாப் பழையவர்களையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. யாரை வைப்பது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று. மூன்று கோல் பின்தங்கியிருக்கும்போது பின்னாலிருந்து வாய் ஓயாமல் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். "லெஃப்ட்ல ஆள் இருக்கான், மூடு, மூடு" என்று தோற்றுக்கொண்டிருக்கும்போதும் கத்துகிற ஒரு ஃபுல் பேக், அதாவது பின்வரிசைத் தடுப்பாளர், போதும், நாலு பையன்கள் வளர்ந்துவிடுவார்கள்.

ஜூனியர்களைப் பட்டியலில் மட்டும் வைத்திருப்பது

திரும்பி வந்த ஹாக்கி இந்தியா லீக்கின் முதல் சீசனில் (2024-25) ஓர் அணிக்கு 24 பேர். எட்டு வெளிநாட்டவர், பதினாறு இந்தியர். அந்தப் பதினாறில் நான்கு ஜூனியர்கள் கட்டாயமாக இருந்தது. விதிக்காக நான்கு பெயரை எழுதிவிட்டுப் பெஞ்சில் உட்கார வைப்பது எளிது. ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். பதினைந்து நிமிடக் குவார்ட்டர் நான்கு. அதனால் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று கோல் முன்னிலையில் கடைசி ஐந்து நிமிடம் இறக்குவதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். சமநிலையில் இருக்கும் ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டரில் அந்தப் பையன் எத்தனை நிமிடம் நின்றான்? அதைக் குறித்து வைத்தால் அணி எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிந்துவிடும்.

2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இந்தியா அர்ஜென்டினாவை வென்று வெண்கலம் வாங்கியது. அந்த வயதுப் பையன்கள் பெரிய ஆட்டத்துக்குத் தயார் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஊரை வேஷமாகப் போட்டுக்கொள்வது

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, மன்னிக்கவும். சென்னை அணி என்றால் உடனே கானாப் பாட்டு, கெத்து வசனம், கலங்கரை விளக்கம், காசிமேட்டுப் படகு என்று ஒரு வீடியோ தயாராகிவிடும். வட சென்னையை ஜெர்சி மேல் தைக்கிற ஒட்டுத் துணியாக எடுத்துக்கொள்கிறார்கள். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே அணிகளின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த பேட்டை இது. ஷிஃப்ட் முடித்து, சட்டையில் கிரீஸ் கறையோடு வந்து ஸ்டிக் எடுத்த பெரியவர்களிடம் ஹாக்கி கற்றுக்கொண்டவன் நான். ஊரின் அடையாளம் வேண்டும் என்றால் ஊர் பிள்ளைகள் டர்ஃப் மேல், அதாவது பெரிய ஆட்டங்கள் நடக்கும் செயற்கைப் புல் மேல், நிற்க வேண்டும்.

அதில் உள்ள சிக்கல் வெளியே நிறையப் பேருக்குத் தெரியாது. மண் மைதானத்தில் பந்து எகிறும். அதனால் எங்கள் பிள்ளைகள் பந்து வரும்போது ஸ்டிக்கைத் தரையிலிருந்து ஒரு ஜாண் தூக்கியே வைத்திருப்பார்கள், எகிறினால் தட்டிப் பிடிக்க. தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து எகிறாது. வழுக்கிக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் வரும், தூக்கிய ஸ்டிக்குக்கு அடியில் புகுந்து போய்விடும். ஒரு முறை எட்டுப் பிள்ளைகளை ஒரு டர்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஒதுக்கி வாங்கியிருந்தேன். போன பிறகு வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று இருபது நிமிடம் மட்டும் கொடுத்தார்கள். முதல் பத்து நிமிடம் எட்டுப் பேரும் பந்தை விட்டுக்கொண்டே இருந்தார்கள். பதினைந்தாவது நிமிடத்தில் சைக்கிள் டியூப் பையன் முட்டியை மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து முதல் பந்தை நிறுத்தினான். ஐந்து நிமிடம் கழித்து எங்களை வெளியே அனுப்பினார்கள்.

அணி நிர்வாகத்துக்கு வீடியோவுக்குச் செலவழிக்கப் பணம் இருந்தால், மாதம் நான்கு காலை, ஒன்றரை மணி நேரம், மண்ணில் ஆடும் பிள்ளைகளுக்கு டர்ஃப் வாங்கிக் கொடுக்கட்டும். பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பிள்ளைகளும் கோவில்பட்டிப் பிள்ளைகளும் அதே அணியின் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கே ஓடட்டும்.

எல்லாவற்றையும் ஒரே சீசனில் செய்யப் பார்ப்பது

லீக் நடப்பதே சில வாரங்கள்தான். திரும்பி வந்த முதல் சீசன் 2024 டிசம்பர் 28இல் தொடங்கி 2025 பிப்ரவரி 1இல் முடிந்தது. வெளிநாட்டவர் பல நாட்டு ஆட்டத்தோடு வருவார்கள். பயிற்சிக்குக் கிடைப்பது சொற்ப நாட்கள். அதற்குள் பத்துப் பாடத்தைத் திணித்தால் ஒன்றும் ஒட்டாது. ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து, ஆள் மாறினாலும் கோச் மாறினாலும் ஐந்து வருஷம் அதை விடாமல் வைத்திருக்கும் அணிக்குத்தான் முகம் வரும்.

எந்தப் பழக்கம் என்று என்னைக் கேட்டால், பந்து போன அடுத்த மூன்று நொடி. பந்தைத் தொலைத்தவர் தலையைத் தொங்கப் போடாமல் முதலில் திரும்ப வேண்டும். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எதிராளியை விட்டுவிட்டு அந்த எதிராளி பாஸ் கொடுக்கப்போகும் வழியை அடைக்க வேண்டும். மூன்றாமவர் நடுவில் இறங்க வேண்டும். இதற்கு 54 லட்சம் தேவையில்லை, மண்ணிலும் பழகலாம், டர்ஃபிலும் பழகலாம். ஆஸ்திரேலியக்காரரும் அரியலூர்க்காரரும் ஒரே நாளில் புரிந்துகொள்வார்கள்.

போன வாரம் பிள்ளைகளை என் வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு பழைய லீக் ஆட்டத்தை டிவியில் போட்டேன். சைக்கிள் டியூப் பையன் கையில் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தேன். நம் அணி பந்தைத் தொலைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடு, மூன்று எண்ணுவதற்குள் எத்தனை பேர் திரும்பி ஓடினார்கள் என்று பக்கத்தில் எழுது என்றேன். மற்ற பிள்ளைகள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். முதல் குவார்ட்டர் முடிந்ததற்கான விசில் ஊதியபோது நோட்டில் பக்கம் நிறைந்திருந்தது. அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஏற்கெனவே பால் கணக்கு எழுதியிருந்தது.

"அண்ணா, வேற நோட்டு இருக்கா?"