கைக்கெட்டும் தட்டு: நூலகத்தின் சிறுவர் பகுதியை ஓடவைக்க

சிறுவர் பகுதி வெறிச்சோடிக் கிடந்தால் கைபேசியைத் திட்டுமுன் இரண்டைப் பாருங்கள். அலுமாரி பூட்டியிருக்கிறதா? கதை நேரம் ரியூசனோடு மோதுகிறதா? பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டில் ஒன்றுதான்.

புத்தகம் தொலையும் என்ற பயம் நியாயமானதே. ஆனாலும் மேசைக்கு வந்து திறப்பைக் கேட்டு வாங்கிப் புத்தகம் எடுக்கும் ஏழு வயதுப் பிள்ளையை நாங்கள் கண்டதில்லை. பூட்டைக் கழற்றுங்கள். எட்டு வயதுக்கு உட்பட்டோரின் மேல்தட்டு 110 சென்ரிமீற்றரைத் தாண்டவேண்டாம். படக்கதைகளை முதுகு தெரிய அடுக்காதீர்கள். மூன்று மில்லிமீற்றர் முதுகில் தலைப்பு எங்கே தெரியப்போகிறது? அட்டை முன்னே தெரிய நிறுத்துங்கள், அல்லது பழக்கடைப் பிளாஸ்ரிக் பெட்டிகளில் போடுங்கள். பெட்டிக்கு 25 முதல் 30 புத்தகம். அதற்கு மேல் போனால் இறுகிவிடும், சின்ன விரலால் புரட்ட முடியாது.

பொருள்வாரியாகப் புத்தகத்துக்கு இடும் வகுப்பெண் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு நிறம் போதும்: பக்கத்துக்கு ஓரிரு வரி என்றால் சிவப்பு, பந்தியாக இருந்தால் மஞ்சள், அத்தியாயம் பிரித்திருந்தால் நீலம். வெறும் ஸ்டிக்கர் நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. மேலே ஐந்து சென்ரிமீற்றர் அகல ஒளிபுகும் ரேப்பை முதுகைச் சுற்றி இரண்டு அட்டைகளிலும் படியும்படி ஒட்டுங்கள்.

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும் புத்தகத்துக்கு எமன். தட்டு சுவரிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர், தரையிலிருந்து பதினைந்து சென்ரிமீற்றர் தள்ளி இருக்கட்டும். நனைந்த புத்தகத்தை வெயிலில் காயப்போட்டால் வளைந்துவிடும். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஒற்றுத்தாள் செருகி, மின்விசிறியின் கீழ் நிறுத்தி உலர்த்துங்கள். பிள்ளைகள் உட்காரும் இடத்தில் பூச்சி உருண்டை வேண்டாம், அது நச்சு. குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போடவும் கூடும்.

நேரத்தைக் குறிக்குமுன் ஏழு நாள் அட்டவணை ஒன்று போடுங்கள். பாடசாலை விடும் நேரம், ரியூசன், வெள்ளி ஜும்ஆ, மாலைக் குர்ஆன் வகுப்பு, ஞாயிறு அறநெறியும் திருப்பலியும் எல்லாம் அதில் வரவேண்டும். மிஞ்சும் வெற்றுக் கட்டம்தான் உங்கள் கதை நேரம். அலுவலக வசதிக்காகச் சனி காலை பத்து மணி என்று போட்டால் ரியூசனுக்குப் போகாத நான்கு பேர்தான் வருவார்கள்.

கதை நேரம் 25 நிமிடம். பாட்டு மூன்று, முதல் கதை ஆறு, எழுந்து ஆடும் விளையாட்டு நான்கு, இரண்டாம் கதை ஏழு, கடைசி ஐந்து நிமிடம் புத்தகம் எடுக்க. பாய் விரித்துப் பதினைந்து பேரை உட்காரவையுங்கள்; ஏ5 அளவுப் (ஏ4 தாளில் பாதி) புத்தகம் என்றால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. வாசிப்பவர் யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் பிள்ளைகளுக்கு அவர் வெறும் நிழல். புத்தகத்தைத் தோளோரம் பிடித்து, பக்கம் எப்போதும் அவர்களைப் பார்க்கும்படி வையுங்கள். முதல்நாளே மூன்று தடவை உரத்து வாசித்துப் பாருங்கள். பக்கம் திருப்புமுன் “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேட்கலாம். முடிந்ததும் “என்ன பாடம் கற்றோம்?” என்று மட்டும் கேட்காதீர்கள், அது பரீட்சை மண்டபமாகிவிடும். சிங்களப் பிள்ளைகளும் வந்தால் வரிக்கு வரி இரு மொழியில் வாசிக்காதீர்கள், இரண்டு பக்கமும் சலிப்பு. கதையை ஒரு மொழியில் முடித்து, அதே படங்களைக் காட்டி மற்ற மொழியில் சொல்லுங்கள்.

புத்தகத்துக்குப் பணம் இல்லையா? இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்ரோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். ஆசிரியர், ஓவியர் பெயரையும் உரிமக் குறிப்பையும் போட்டால் அச்சிடலாம், மாற்றியதைக் குறிப்பிட்டு மாற்றி எழுதலாம். மாற்றவும் வேண்டிவரும்: இந்தியத் தமிழின் ரப்பர் இங்கே இலங்கையில் அழிறப்பர், காத்தாடி பட்டம். அச்சிட்டுத் தைக்கும் முறை:

1. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 16 பக்கத்துக்கு ஏ4 தாள் நான்கு. எண்பது கிராம் (சதுர மீற்றருக்கு) தாளில் மறுபக்கப் படம் தெரியும், நூறு கிராம் வாங்குங்கள்.
2. அச்சிடும்போது கையேட்டு வடிவை (booklet) தெரிவுசெய்து, குறுகிய பக்கமாகப் புரட்டக் (flip on short edge) கொடுங்கள். தவறினால் பின்பக்கம் தலைகீழாக வரும்.
3. சாதாரண ஸ்ரேப்ளர் நடுமடிப்பை எட்டாது. மடிப்பின் நடுவில் ஒன்று, இருபுறமும் ஐந்து சென்ரிமீற்றரில் ஒவ்வொன்று என மூன்று துளை போடுங்கள்.
4. ஊசியை உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே, மேல்துளையால் உள்ளே, கீழ்த்துளையால் வெளியே, மறுபடி நடுத்துளையால் உள்ளே எடுத்து, இரு முனைகளையும் நீண்ட தையலின் இருபுறமும் வைத்து முடியுங்கள்.

பதின்ம வயதினர் வேறு கதை. “சிறுவர் பகுதி” என்ற பலகையின் கீழ் பதினான்கு வயதுக்காரர் உட்காரமாட்டார். அவர்களின் தட்டை வேறு மூலைக்கு நகர்த்துங்கள். சாதாரண தர, உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களுக்காக வருவார்கள், வரட்டும். அவர்கள் வினாத்தாள் செய்யும் மேசையிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நாவல், சித்திரக்கதை, விளையாட்டுச் சஞ்சிகை இருக்கட்டும். அந்த மேசை அலுவலரின் கண்ணில் படவேண்டும், காதில் படவேண்டியதில்லை. ஒக்ரோபர் வாசிப்பு மாதக் கொள்வனவில் பத்தில் ஒரு பங்கை அவர்களில் ஆறு பேரிடம் விட்டு, அவர்கள் தெரிவுசெய்ததை மறுக்காமல் வாங்குங்கள்.

செய்வதற்கு வேலையும் கொடுங்கள். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்ற காற்றுப் பெயர்களையும், எந்தக் காற்றில் எந்த மீன் என்பதையும் கடலோரத் தாத்தாமாரிடம் பதிவுசெய்யலாம். ஒரு பதிவு இருபது நிமிடம், முன்கூட்டி எழுத்தில் சம்மதம். கரையில் நின்று பதிவுசெய்தால் இரைச்சல் மட்டும்தான் கேட்கும், மீனவர் குடிலான வாடிக்குப் பின்னால் உட்காருங்கள். கோப்புக்குத் திகதி, இடம், பொருள் என்ற வரிசையில் பெயரிடுங்கள். பழைய ஈழத்து நூல், சஞ்சிகை தேட 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைக் காட்டிக்கொடுங்கள்.

புத்தகம் பிந்தி வந்தால் வாங்கும் கட்டணத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துவிடுங்கள். நூறு ரூபாய் கேட்டால் அப்பா ஏசுவார் என்ற பயத்தில் பிள்ளையும் வராது, புத்தகமும் வராது. பதினைந்தாம் நாள் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்து, “கொண்டு வரட்டும், ஏசமாட்டோம்” என்று சொன்னால் போதும்.