பெரிய கிராஃபைச் சுருக்குவது எப்படி?

காசிமேட்டுப் படகு, ஐஸ் கடை, ஏலம், மீன் எல்லாவற்றையும் ஒரே கிராஃபில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பொருளும் ஒரு முனை, இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள உறவு ஒரு கோடு, அதுதான் கிராஃப். எதைக் கேட்டாலும் பதில் வர நேரமாகும். அப்புறம்தான் சுருக்க ஆரம்பித்தேன்.

ஒரே மாதிரி முனைகளைக் குழுவாகச் சேர்ப்பதுதான் சுருக்கம். குழு பிரிக்க வகைப் பெயரை நம்பாதீர்கள். ஒருவர் 'படகு' என்பார், இன்னொருவர் 'போட்டு' என்பார். முனையிலிருந்து கிளம்பும் உறவுகளைப் பாருங்கள். 'உரிமையாளர்', 'பிடித்த மீன்', 'ஐஸ் வாங்கிய கடை' மூன்றும் உள்ளவை ஒரே குழு. சுருக்கத்தில் குழுவுக்கு ஒரு முனை. இரு குழுக்களுக்கு இடையே ஒவ்வொரு வகை உறவுக்கும் ஒரு கோடு, அதன்மேல் அசல் கிராஃபில் அப்படி எத்தனை கோடுகள் என்ற எண்ணிக்கை. அசலில் எந்த முனை எந்தக் குழு என்ற பட்டியலைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, வஞ்சிரம் பிடித்த படகு எந்தக் கடையில் ஐஸ் வாங்கியது? முதலில் சுருக்கத்தில் தேடுங்கள். அங்கே பாதை இல்லையென்றால் அசலிலும் இல்லை. இருந்தால், அந்தக் குழுக்களுக்குள் மட்டும் அசலில் சரிபாருங்கள்.