கால் பங்கு லாபமா, ஐந்தில் ஒரு பங்கா?

அடக்கவிலை மேல் இத்தனை பங்கு லாபம் என்று கணக்கில் கொடுத்திருந்தால், பின்னத்தின் மேல் எண்ணைக் கீழ் எண்ணோடு கூட்டிவிடுங்கள். விற்பனை விலையில் லாபம் எத்தனை பங்கு என்பது வந்துவிடும். 1/4 என்றால் 1/5. 2/5 என்றால் 2/7. விற்பனை விலைப் பங்கிலிருந்து அடக்கவிலைப் பங்குக்குத் திருப்பிப் போக, கீழ் எண்ணில் மேல் எண்ணைக் கழித்தால் சரி.

திருப்பூரில் 80 ரூபாய் அடக்கமான பனியன் 100 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். லாபம் 20. அந்த இருபது மாறவே இல்லை. 80-க்கு அது கால் பங்கு, 100-க்கு ஐந்தில் ஒரு பங்கு. கடையின் கிளைகளுக்கு எழுதும் கிளைக் கணக்கிலும், தீயில் போன சரக்கின் மதிப்பைக் காணும் கணக்கிலும் நம்ம பி.காம். பிள்ளைகள் மார்க்கை விடுவது இங்கேதானுங்க: 100-க்கே கால் பங்கு போட்டு, 25 கழித்து, அடக்கம் 75 என்று எழுதிவிடுவார்கள். சதவீதமாகக் கொடுத்தாலும் இதே வழிதான், 18% என்றால் 18/118.

ஈரோட்டு ஜவுளிக்கடை மாதிரி வேட்டிக்கு ஒரு லாபம், சேலைக்கு ஒரு லாபம் என்றிருந்தால் எல்லா விற்பனையையும் சேர்த்து அதன் மேல் ஒரே பின்னத்தைப் போடாதீர்கள். பழுதான சரக்கை அடக்கத்துக்கும் கீழே தள்ளிவிட்டிருந்தால், அந்த விற்பனையை முதலில் ஒதுக்கிவையுங்கள்.