எண்டோஸ்கோப்பிக்குப் போகிறீர்களா? மூச்சைக் கவனியுங்கள்

எனக்கு இரண்டு முறை எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயை வாய் வழியாக விட்டு வயிற்றின் உள்ளே பார்க்கும் பரிசோதனை, செய்திருக்கிறார்கள். முதல் முறை பயந்தேன், இரண்டாம் முறை இல்லை. என்ன நடக்கும் என்று தெரிந்ததுதான் காரணம்.

பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் செட் இருந்தால் கழற்றச் சொல்வார்கள்.

தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்பார்கள். கசப்பாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் நாக்கின் அடிப்பகுதி தடித்துப்போனது போலவும், எச்சிலை விழுங்க முடியாதது போலவும் தோன்றும். பயப்படாதீர்கள், விழுங்க முடியும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் சுண்டுவிரல் பருமன்தான். தொண்டையைத் தாண்டும் அந்தச் சில நொடிகள்தான் கஷ்டம்; குமட்டும், கண்ணில் நீர் வரும். மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள், எச்சிலை வழியவிடுங்கள். மூச்சுக்குழாய் வேறு, அது அடைபடாது. உள்ளே காற்று செலுத்துவதால் ஏப்பம் வரும், அடக்க முயலாதீர்கள். சோதனைக்காக உள்ளிருந்து சதைத் துணுக்கு எடுத்தாலும் வலிக்காது. பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்புறம், மரப்பு போகும்வரை எதையும் குடிக்காதீர்கள், புரையேறும். மயக்க ஊசி போட்டிருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், ரத்த வாந்தி, கறுப்பு மலம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.