பெரும்பாடும் என் பீட்ரூட் வருடங்களும்

மகளிர் நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். போன மாதம் எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண் மதியம் டப்பாவைத் திறந்தாள். பீட்ரூட் பொரியல். பக்கத்தில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். "ஹீமோகுளோபின் 8.4தான் அக்கா, ஏத்திட்டு இருக்கேன்" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். காலேஜ் இரண்டாம் வருடத்திலிருந்தாம். மாதவிடாய் எப்படி என்றேன். "அது நார்மல்தான். எங்கம்மாவுக்கும் இப்படித்தான்." அந்த நார்மலில், இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு நைட் டியூட்டி பார்ப்பதும் அடக்கம்.

இருபது வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. சுத்தம், நாப்கின் மாற்றுவது, வெந்நீர் ஒத்தடம் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விடுகிறேன். அதிகப் போக்கிலும் வலியிலும் நாம் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வலி முற்றிய பிறகு மாத்திரை போடுவது

கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். மெஃபனாமிக் அமிலம், இபுபுரூஃபன் போன்றவை அது உருவாவதைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே உருவானதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆகவே வலி தலைகாட்டும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். சுருண்டு படுத்த பிறகு ஒன்றை விழுங்கிவிட்டு "எனக்கு எந்த மாத்திரையும் கேக்காது சிஸ்டர்" என்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையைத் தரலாம் என்று, மருந்துகளின் தரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான இந்திய ஃபார்மகோப்பியா கமிஷன் 2023-இல் எச்சரித்தது. மாத்திரை போட்ட நாட்களிலோ அடுத்த சில வாரங்களிலோ காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால், நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

கோயிலுக்காக நாள் தள்ளும் மாத்திரை

அது நாள் தள்ள மட்டும். கடையில் வாங்கி மாதாமாதம் போடுவது வைத்தியம் ஆகாது.

ரத்தத்தை ஏற்றிக்கொண்டே ஓட்டையை விட்டுவிடுவது

என் பெரிய தவறு இதுதான். ஆறு வருடம் செய்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

இருபத்து மூன்று வயதில் முதல்முறை ரத்தக்குறைவு என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, மாதுளை, பீட்ரூட். மூன்று மாதத்தில் கொஞ்சம் ஏறும். மாத்திரையை நிறுத்தினால் இறங்கிவிடும். மறுபடி மாத்திரை. எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்தேன். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "பீரியட்ஸ் சரியா வருதா?" நானும் "சரியா வருது" என்றே சொன்னேன். பொய் இல்லை. 28 நாளுக்கு ஒருமுறை, தேதி தவறாமல் வந்தது. எவ்வளவு போகிறது என்று அவர்கள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. பிரசவத்தில் தாய்க்கு எத்தனை மில்லி போயிற்று என்று கணக்கு எழுதுகிற வேலை என்னுடையது. என் கணக்கை மட்டும் எழுதவே இல்லை.

கணக்கு எளிதுதான். 1 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்வது பொதுவாக 1 முதல் 2 மில்லிகிராம். மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய மருத்துவ அளவுகோல். 200 மில்லி போகிற பெண்ணுக்கு மாதம் 100 மில்லிகிராம் வரை இழப்பு. பீட்ரூட்டால் அதை ஈடுகட்ட முடியாது. 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. சிவப்பாக இருப்பதை வைத்து நாம் ஏமாறுகிறோம். ஓட்டைக் குடத்தில் விடியவிடியத் தண்ணீர் ஊற்றின கதைதான்.

உடம்பு எனக்குச் சொல்லிப் பார்த்தது. அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டு மெல்லுவேன். பச்சரிசி, பல்பம், ஐஸ் என்று மனம் அலைவது இரும்புக் குறைவின் அடையாளம் என்று பாடத்தில் படித்தவள்தான் நான். இரண்டாம் மாடி ஏற மூச்சு வாங்கியது. வெயிலின் மேல் பழி போட்டேன். ஒருநாள் டியூட்டியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஹீமோகுளோபின் 6.8. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு அப்புறம்தான் ஸ்கேன், அதற்கு அப்புறம்தான் பெயர் தெரிந்தது: அடினோமயோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வு அதன் தசைச்சுவருக்குள்ளேயே புகுந்து வளர்வது.

நம் மருத்துவ மரபில் இந்த உதிரப்போக்குக்குப் பெரும்பாடு என்றே பெயர். பெயரிலேயே பாடு இருக்கிறது. நாம்தான் நார்மல் என்கிறோம்.

ஆகவே இரும்பு மாத்திரையும் சாப்பிடுங்கள், காரணத்தையும் தேடுங்கள். மாத்திரையைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் நிறையப் பேர். மாத்திரைக்கு அது வழக்கம்தான். ஹீமோகுளோபின் 12 ஆனதும் நிறுத்துவதும் தப்பு. உடம்பின் இரும்புச் சேமிப்பு நிறைந்ததா என்பதை ஃபெரிட்டின் பரிசோதனைதான் சொல்லும். அதற்கு இன்னும் சில மாதம் ஆகும்.

மருத்துவரிடம் போகும்போது "கொஞ்சம் அதிகமா போகுது" என்று சொன்னால் போதாது. காலண்டரில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நாள், நாளுக்கு எத்தனை நாப்கின், நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுந்ததா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, அப்படியே சில மணி நேரம் தொடர்ந்தால், காலண்டரை விட்டுவிட்டு அன்றைக்கே போய்விடுங்கள்.

வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமா?

பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் வந்ததா, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வான் வில்லிபிராண்ட் என்ற ரத்தம் உறைதல் கோளாறாக இருக்கலாம்.

ஸ்கேன் நார்மல் என்றால் வலியும் நார்மல் என்று நினைப்பது

இல்லை. எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது, பல சமயம் சாதாரண ஸ்கேனில் தெரியாது.

சிகிச்சையைப் பாதியில் விடுவது

டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை உதிரப்போக்கைக் குறைக்கும். 1962-இல் ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் கண்டறிந்து வெளியிட்டது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் நின்றவர் உடாகோ. போக்கு அதிகமான நாட்களில் மட்டும் போடுவது. மாதம் முழுக்க இல்லை. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிய வரலாறு இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பலன் தந்தது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். மிரேனா என்றால் பலருக்குத் தெரியும். காப்பர் டி வேறு, இது வேறு. காப்பர் டி போக்கை அதிகமாக்கக்கூடும். மிரேனா வைத்த பிறகு நான்கு மாதம் சொட்டுச்சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை போய் நின்றேன். "ஆறு மாதம் பொறு" என்று மருத்துவர் திட்டி அனுப்பினார். ஏழாவது மாதம் ஒரே நாப்கினில் முடிந்தது.

"குழந்தை பெத்தாச்சு, எடுத்துடலாம்"

கர்ப்பப்பையை எடுப்பது சிலருக்குச் சரியான முடிவுதான். ஆனால் அது கடைசி வரிசையில் நிற்க வேண்டிய சிகிச்சை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் பெரிய செய்தியானது. சம்மதக் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: சினைப்பைகளையும் எடுக்கிறீர்களா, ஏன்? 45 வயதுக்கு முன் இரண்டையும் இழந்தால் எலும்புத் தேய்வும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடும்.

பீட்ரூட் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டு சின்ன நார்க்கட்டி. வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாகக் கருவி விட்டே எடுத்துவிடலாம் என்றிருக்கிறார்கள். "எங்கம்மாவுக்கும் பார்க்கணுமாக்கா?" என்றாள். அவருக்கு வயது 54. மாதவிடாய் நின்று மூன்று வருடமாம். போன மாதம் லேசாகப் பட்டதாம்.

நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி வந்தால்

ஒரு சொட்டு என்றாலும் அதே வாரம் போங்கள். அவள் அம்மாவை வியாழக்கிழமை ஓபிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.